சிவப்பு டேக்

"உலகக் கோப்பைன்னா வீடியோ பாப்பாங்க, ஒரகடம்னா பாக்க மாட்டாங்களா?"

கிரவுண்டே கத்திச்சு. கத்தாம என்ன பண்ணும்?

எங்க ஒரகடம் கம்பெனி ஃபுட்பால் ஃபைனல். பெயின்ட் ஷாப் டிபார்ட்மென்டுக்கும் அசெம்பிளி டிபார்ட்மென்டுக்கும். பெயின்ட் ஷாப் ஒரு கோல் முன்னால. இன்னும் ரெண்டே நிமிஷம். கோல் வாசல்ல ஒரே கும்பல். அதுக்குள்ள புகுந்து அசெம்பிளி கேப்டன் வேல்ராஜ் தட்டிவிட்ட பந்து கோட்டுகிட்ட விழுந்துச்சு. பெயின்ட் ஷாப் கோல்கீப்பர் அதை வாரி வெளியே இழுத்துட்டான்.

"கோல் இல்ல"ன்னு கையை ஆட்டிட்டாங்க ரெஃப்ரி சசிரேகா.

வேல்ராஜ் ரெண்டு விரலால காத்துல கட்டம் போட்டான். டிவியில பாக்கறோமே, வீடியோவைப் பாருங்கன்னு சொல்ற கட்டம். அவனைப் பாத்து அத்தனை பேரும் போட்டாங்க. ஆஃப்சைடுன்னா இன்னான்னே தெரியாத கேன்டீன் திருமலைகூடப் போட்டாரு. அறிவிப்பு சொல்ற நானும் போட்டேன், பொய் சொல்வானேன். ஒரு கையில மைக் இருந்ததால பாதிக் கட்டம்தான்.

"எக்கா, கோலுக்கா! கோட்டைத் தாண்டி ஒரு முழம் உள்ள போயிட்டு. சுடலை போன்ல எடுத்திருக்கான். ஒரே ஒருக்கப் பாருங்க!" வேல்ராஜுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

சசிரேகா மஞ்சள் கார்டை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

"கட்டம் போட்டா கார்டு. அதுவும் ரூல்லதான் கீது. அங்க அத்தினி கேமரா வெச்சிகினு பாக்கறாங்க. இங்க உன் ஃபிரண்டு போன் ஒண்ணு. ஆட்டத்துல அதைப் பாக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது. போ, ஆடு."

ரெண்டு நிமிஷத்துல விசில். கோப்பை பெயின்ட் ஷாப்புக்கு.

"பொம்பளையக் கொண்டாந்து நிறுத்தினா இப்படித்தான்"னு ஒரு குரல். "யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா"ன்னு இன்னொண்ணு.

சசிரேகாவுக்கு ஊர் படப்பை. பக்கத்துக் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ஞாயித்துக்கிழமை ஆனா விசில். அன்னிக்கு அவங்களுக்குப் பரீட்சை வேற. மாநில லீக்குக்கு எடுக்கலாமா வேணாமான்னு மார்க் போட, ஃபுட்பால் சங்கத்துலேருந்து பலராமன் சார் வந்து என் மேஜைகிட்டயே உக்காந்திருந்தாரு. நாலு வருஷமா இதுக்குக் காத்துகினு இருந்த பொண்ணு. ஷிப்ட் முடிச்சிட்டு, யூனிஃபார்ம்கூட மாத்தாம கிரவுண்டைச் சுத்தி ஓடறதை நானே பாத்திருக்கேன்.

வேல்ராஜ் சுடலையோட போனை வாங்கி எல்லாருக்கும் காட்டிகினு இருந்தான். சசிரேகா ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. நேரா அவன்கிட்டப் போனாங்க.

"ஆட்டம் முடிஞ்சிருச்சு. இப்பக் குடு, பாக்கறேன்."

மூணு தடவை பாத்தாங்க. பந்து சுத்தமா கோட்டுக்கு உள்ள. அவங்க மூஞ்சி செத்துப்போச்சு.

என் மேஜைக்கு வந்தாங்க. "அண்ணா, மைக்கைக் குடுங்க."

பலராமன் சாருக்குப் புரிஞ்சுபோச்சு. குரலைத் தாழ்த்தினாரு. "எதுக்கும்மா? வீடியோ பாக்காதது ரூல்படி சரி. இந்த போனை நீ பாக்கவே இல்லைன்னு நினைச்சுக்கோ. நீயா போய்த் தப்புன்னு சொன்னா, நான் மார்க்கைக் குறைச்சே ஆகணும். இந்த வருஷமும் போயிடும்."

"கம்பெனி லைன்ல நான் ஓகே பண்ணின பீஸ் டேமேஜ்னு தெரிஞ்சா, கஸ்டமர் வந்து கத்தற வரைக்கும் சும்மா இருப்பேனா சார்?"

மேஜை மேல இருந்த தன்னோட பைக்குள்ள கையை விட்டு ஒரு சிவப்பு டேக்கை எடுத்தாங்க. ரிஜெக்ட் ஆன பீஸுல நூல் போட்டுக் கட்டுவோமே, அந்த அட்டை. 'தவறான முடிவு - சசிரேகா'ன்னு எழுதித் தன்னோட விசில்லயே கட்டினாங்க. அப்புறம் மைக்கைப் பிடிச்சாங்க.

"அசெம்பிளி டீம் போட்டது கோல்தான். நான் தப்பாப் பாத்துட்டேன். முடிஞ்ச ஆட்டம், கோப்பை மாறாது. ஆனா தப்பு என்னுது. ரிப்போர்ட்லயும் இப்படியேதான் எழுதப்போறேன். எல்லாரும் மன்னிச்சிக்கோங்க."

கண்ணாடி வாங்கிக் குடுக்கச் சொன்னவன் எங்க போனான்னே தெரியல. 

"யம்மாடி! இன்னா மனசுடா இது"ன்னாரு திருமலை. எனக்குப் பாதிக் கட்டம் போட்ட கையை எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. பலராமன் சார் பேனாவைத் திறந்து வெச்சிகினு மார்க் பேப்பரையே பாத்துகினு இருந்தாரு.

அப்பத்தான் வேல்ராஜ் கூட்டத்தை விலக்கிகினு வந்தான். ஜெயிச்ச மாதிரி வரவேண்டிய ஆளு. ஆனா அழுவற மாதிரி இருந்தான்.

"எக்கா, அந்த டேக்கை அவுத்துத் தாங்க."

"இன்னாத்துக்கு? மன்னிப்புதான் கேட்டுட்டேன் இல்ல?"

"நீங்க கேக்கப்படாதுக்கா." அவங்க கையில இருந்த மைக்குக்கு நேரா வந்து நின்னு, வலது கையை நீட்டினான்.

"இதுல கட்டுங்க. பந்து இந்தக் கையில பட்டுத்தான் உள்ள போச்சு. அந்த இடத்தை வெட்டிட்டுத்தான் உங்களுக்கு வீடியோவைக் காட்டுனேன்."