முருகேஸ்வரி வாங்கிய கமிஷன்

"முருகேஸ்வரி கமிஷன் வாங்கியிருக்கா. என் வீட்டுக்காரரே கண்ணால பாத்தாரு!"

கந்தம்மாள் இதைச் சொன்னதும் பள்ளங்கி மலைக்கிராமத்து மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

குழுத் தலைவி முருகேஸ்வரி எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் மழைக்காலத்தில் அவள் மகள் தாரணி டைபாய்டில் படுத்து, பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. அன்றிலிருந்து, குழுவில் எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் ஃபில்டர் வந்தே தீரணும் என்று முருகேஸ்வரி ஒற்றைக்காலில் நின்றாள். கோடைக்கானல் கடையில் பேரம் பேசி மொத்தமாக வாங்கிவந்ததும் அவள்தான்.

பாதிப் பேருக்கு நீல விளக்கு எரிகிற கரண்ட் ஃபில்டர் மேல்தான் ஆசை. அவள் பிடிகொடுக்கவில்லை.

"அதெல்லாம் உப்புத்தண்ணி ஊருக்கு. நம்ம மலைத்தண்ணியில மண்ணும் கிருமியும்தான் தொல்லை. மழை பேஞ்சா கரண்டும் இருக்காது. உள்ள பீங்கான் கேண்டில் போட்டு வடிகட்டுறதே போதும்."

வெயில் காலம் முழுக்க ஃபில்டர் ஜம்மென்று ஓடியது. மழை பிடித்ததும் குழாயில் செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது. ஃபில்டர் சொட்டுச் சொட்டாக விட்டது. இந்த வாரம் சொட்டுவதையும் நிறுத்திக்கொண்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்.

"சொத்தையை ஊர் தலையில கட்டிட்டு, இவ மட்டும் பெட்டி வாங்கியிருக்கா!" என்றாள் கந்தம்மாள். "ஏங்க, நீங்களே சொல்லுங்க."

வாசலில் நின்ற அவள் கணவர் ராஜமுருகன், "கடைக்காரரு பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணு குடுத்தாரு. மேல மிக்ஸி படம் போட்டிருந்துச்சு. இவங்க சேலையைப் போட்டு மூடி பஸ்ஸுல கொண்டுவந்தாங்க," என்றார்.

"கேட்டீங்களா! மிக்ஸி ரிப்பேருன்னு சொல்லி, தெனமும் என் வீட்டுல வந்து சட்னி அரைச்சுட்டுப் போறா. புது மிக்ஸி பரண்ல கெடக்கு!"

"உங்க வீட்டு ஃபில்டர் மட்டும் ஓடுதே?" என்று ஒருத்தி சந்தேகம் கேட்டாள்.

"அதான் சூது! பக்கத்து வீடு, பிரசவத்துக்கு வந்திருக்க என் மக ரம்யா வேற இருக்கா, நான் சும்மா விடமாட்டேன்னு தெரியும். எனக்கு மட்டும் நல்ல பீஸாக் குடுத்து வாயை அடைக்கப் பாத்திருக்கா!"

குழுவில் மூத்தவர் பிச்சையம்மாள் கையமர்த்தினார். "ஏத்தா முருகேசு, கமிஷன் வாங்குனியா, இல்லையா?"

"வாங்குனேன் மதினி."

ஒரே கூச்சல். "தலைவியை மாத்துங்க!" "ஃபில்டரைத் திருப்பிக் குடுங்க!"

"தாராளமா மாத்துங்க. அதுக்கு முன்னாடி கமிஷனையும் பாத்துருங்க," என்று எழுந்துபோன முருகேஸ்வரி, மிக்ஸி படம் போட்ட அந்தப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"நான் சொல்லல?" என்று குதித்தாள் கந்தம்மாள்.

முருகேஸ்வரி கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஃபில்டர் கேண்டில்கள், வரிசையாக.

"மொத்தமா வாங்குனதுக்குக் கடைக்காரரு எனக்கு மிக்ஸிதான் நீட்டுனாரு. அதை நீங்களே வெச்சுக்கங்க, அந்த விலைக்குக் கேண்டிலா அடுக்கிக் குடுங்கன்னு வாங்கியாந்தேன். வீட்டுக்கு ஒண்ணு."

பிச்சையம்மாள் ஒரு கேண்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அன்னைக்கே குடுக்க வேண்டியதுதானே? எதுக்கு ஒளிச்சு வெச்ச?"

"ஃபில்டரோட ஆளுக்கொரு ஸ்பேர் கேண்டில் வந்துச்சே, அது எங்கன்னு கேளுங்க மதினி. வள்ளி வீட்டுப் புள்ளைக அதைக் கிரிக்கெட் ஸ்டம்பா நட்டிருக்குதுக. கந்தம்மாக்கா ஜன்னலுக்கு முட்டுக் குடுத்திருக்காக. சரி, வாரம் ஒருக்கா கழுவுங்கன்னேனே, யாராச்சும் கழுவுனீங்களா?"

"பூண்டு பிடுங்குற சோலி கெடந்துச்சு..." என்று ஒருத்தி இழுத்தாள்.

"பழசைக் கழட்டிக் கொண்டாந்து காட்டுங்க. காட்டுறவுகளுக்குத்தான் புதுசு. வெரசா போங்க!"

ஓடினார்கள். வந்த கேண்டில் ஒவ்வொன்றிலும் செம்மண் அப்பிக்கிடந்தது. கந்தம்மாள் கொண்டுவந்தது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"பாத்துக்கங்க, எப்படி வெச்சிருக்கேன்னு!" அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமை போகவில்லை.

"உங்க சுத்தம் யாருக்குக்கா வரும்?" என்று முருகேஸ்வரி அவள் கையிலும் ஒரு புதுசைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் எல்லார் வீட்டிலும் தண்ணீர் கண்ணாடியாக இறங்கியது. குடம் குடமாகப் பிடித்து வைத்துக்கொண்டு சிரித்தார்கள். "இனி குழுவுக்கு எது வாங்குனாலும் கமிஷன் பேச முருகேசுவைத்தான் அனுப்பணும்," என்று பிச்சையம்மாள் சொல்ல, கைதட்டல் காதைப் பிளந்தது.

கந்தம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். "கூறுகெட்டவளே, சும்மா குடுத்த மிக்ஸியையா வேண்டாம்னுட்டு வந்த? நாளைக்கு வெள்ளனே தேங்காயைக் கொண்டா. என் மிக்ஸி சும்மாதான் கெடக்கு."

"வரேன்க்கா."

அவள் போனதும் தாரணி கேட்டாள். "ஏம்மா, நம்ம மிக்ஸி நல்லாத்தானே ஓடுது? எதுக்கு ரிப்பேருன்னு பொய் சொல்லிட்டுப் பெரியம்மா வீட்டுக்கே அரைக்கப் போற?"

முருகேஸ்வரி தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்தபடி சொன்னாள்:

"ரம்யா நிறைமாசமா இருக்கா. உங்க பெரியம்மா ஃபில்டரைத் திரும்பியாச்சும் பாக்குமா? அந்த மிக்ஸி சத்தத்துலதான்டி நான் அவுக கேண்டிலைக் கழுவி வைக்கிறேன்!"