மோரிகன் துவைக்கும் சட்டை

நாளைய போரில் சாகப்போகிறவனின் சட்டையை முந்தின மாலையே ஆற்றுத்துறையில் துவைப்பது அயர்லாந்தின் போர்த்தெய்வம் மோரிகனுக்கு வழக்கம். ஒரு மானை வேட்டையாடியதற்காகப் பிரோனாவின் மகனைக் குலத்தலைவன் வெட்டிப்போட்ட நாளிலிருந்து அவள் அந்தத் துறையே கதியென்று கிடந்தாள். இன்று தேவியின் கையில் இருந்தது, கழுத்தோரம் பொன்னிழை ஓடிய தலைவனின் சட்டை. நெஞ்செல்லாம் ரத்தம்.

“கறை போயிட்டா பொழச்சுக்குவான். நீயே துவை,” என்று அதை அவள் மடியில் போட்டுவிட்டு, மோரிகன் அண்டங்காக்கையாகிப் பறந்துபோனாள்.

குதிரைக்குத் தண்ணீர் காட்டத் தலைவன் வந்தபோது, சட்டையைத் தண்ணீரில் முக்காமலேயே முள்மரத்தில் விரித்துக்கொண்டிருந்தாள் பிரோனா.

சட்டையின் பொன்னிழையை அவன் உற்றுப் பார்த்தான். “யாரோடது அது?”

“உங்களோடதுதான் தலைவரே. விடியறதுக்குள்ள காஞ்சிடும். போட்டுக்கிட்டுப் போங்க.”