மிதவையில் எழுதிய ஊர்

ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பின்னால ஊரே நிக்குது. ஏறுங்க” என்றாள் மனைவி ரெஜினாள்.

துறைமுகத்துக்குப் போர்க்கப்பல் வந்திருந்தது. பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மக்ரூன் பொட்டலத்தோடு வந்துவிட்டார் மனுஷன்.

கப்பலின் பெயர் தூத்துக்குடி.

வாலிப வயதில் ஒரு புயல். அவர் போன வள்ளம் கவிழ்ந்தது. அதைப் பற்றிக்கொண்டு கிடந்தார்.

சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் வந்தது. எந்த நாட்டுக்காரனோ! பிடித்துக்கொண்டு போனால் திரும்ப ஊரைப் பார்க்க முடியுமா? வள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டார். சாகப்போகிற நேரத்தில் அப்படியொரு புத்தி.

மேலிருந்து ஒரு மிதவை வளையம் வந்து விழுந்தது.

அவர் தொடவில்லை.

அலை அதைப் புரட்டிப் போட்டது. இங்கிலீஷ் எழுத்து. சொந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து.

தூத்துக்குடி.

“மாதாவே!” என்று பாய்ந்து கட்டிக்கொண்டார்.

நினைவு வந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார். கப்பல் போய்விட்டிருந்தது. ஒரு நன்றி சொல்லவில்லை.

அதிலிருந்து வருஷா வருஷம் கோயிலில் கப்பல் பேருக்கு ஒரு பூசை. “நீங்க அந்தக் கப்பலுக்கே தாலி கட்டியிருக்கலாம்” என்பாள் ரெஜினாள்.

மேல்தளத்தில் நின்ற மாலுமியிடம் அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினார். சேலத்துப் பையன். அவன் முகம் வாடிவிட்டது.

“ஐயா, அந்தக் கப்பலை எப்பவோ உடைச்சிட்டாங்க. இது புதுசு. பேரு மட்டும்தான் அது.”

உடைத்துவிட்டார்களா.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? கண் கலங்கியது. ரெஜினாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பியில் ஒரு மிதவை தொங்கியது. எழுத்து கடல் பக்கம் தெரியாமல் உள்பக்கம் பார்த்திருந்தது. கிட்டே போய் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார்.

“அன்னைக்கும் பேரு மட்டும்தான் தம்பி. அதப் பாத்துத்தான் கைய நீட்டுனேன்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

வேலை நேரத்தில் எதுவும் தின்னக் கூடாது. ஆனாலும் மாலுமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்த பிறகு திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தளத்தின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு மிதவையாகக் கழற்றி, எழுத்து கடல் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான்.