இரண்டாவது போர்வை

ஊசி மருந்து ஏற ஏற, கூரை விளக்குகளெல்லாம் பனியாய் உதிர்வதுபோல் இருந்தது இங்கெலாவுக்கு. ஆபரேஷனுக்கு முன் எலும்பு வரை இறங்கிய குளிர், நர்ஸ் மாய்லிஸ் போர்த்திய இளஞ்சூடான போர்வையில் மெல்ல விலகியது.

"என்ன இது, கம்பளிக் கையுறை வாசனை வருது? சின்ன வயசுல பனியில ஆடிட்டு வந்த மாதிரி..."

"போர்வையைச் சூடாக்குற மெஷின் கெட்டுப்போச்சு. நாங்க ஈரக் கம்பளிக் கையுறை காயவைக்கிற சூட்டு அலமாரியிலதான் இப்போ போர்வையும் வெக்கிறோம்."

"ஓ..."

"புதுசு கேட்டோம். அறுபதாயிரம் கிரோனர் பணமா, அநாவசியச் செலவுன்னு கோரிக்கையை அடிச்சுட்டா நம்ம ஆஸ்பத்திரி நிதிப் பிரிவு மகராசி."

"அவளைத் திட்டுவீங்களா?"

"காபி குடிக்கிறப்ப எல்லாம்."

இங்கெலா சிரித்தாள். கட்டில் எங்கோ மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"அந்த மகராசி நான்தான்" என்றாள், கனவில் பேசுவதுபோல்.

மாய்லிஸ் இன்னொரு போர்வையை விரித்து, அவள் பாதங்களைச் சுற்றிச் செருகினாள்.

"தெரியும். அதான் ரெண்டாவதும் கொண்டுவந்தேன். இந்த மருந்துக்கு, பேசினதெல்லாம் மறந்துபோகும். கையுறை வாசனை மறக்காது."