பார்வையாளர் வசதிக்காக

ஓவியக்கூடத்தின் நடு ஹாலில் ஒரு மர பெஞ்சு இருந்தது. போட்டோவில் ஹால் எடுப்பாகத் தெரியவில்லை என்று ஒருநாள் அதைத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார்கள். பெஞ்சுக்கு வந்ததே கோபம்!

"எல்லாம் உன்னாலதான்! போட்டோவுல நீ எடுப்பாத் தெரியணுமாம்!" என்று எதிரே தொங்கிய ராஜா ஓவியத்தைப் பார்த்துக் கத்தியது.

"என்னை நின்றுதான் பார்க்க வேண்டும். அதுதான் மரியாதை" என்றது ஓவியம்.

"மரியாதையாம் மரியாதை! ஒருத்தராவது உன் முன்னால ரெண்டு நிமிஷம் நிக்கிறாங்களா? கால் கடுத்துப்போய் வாசல் எங்கேன்னுதான் தேடறாங்க."

அன்று முழங்கால் வலியோடு வந்த தெய்வானை டீச்சர் பாதியிலேயே திரும்பிவிட்டார். போகும்போது கருத்துப் புத்தகத்தில், 'உட்கார ஓர் இடம் வேண்டும்' என்று பேனா அழுந்த எழுதினார்.

அதிகாரிகள் மூன்று முறை கூடிப் பேசினார்கள். பிறகு பெஞ்சைத் துடைத்து, பாலிஷ் போட்டு, நடு ஹாலில் மேடை கட்டி ஏற்றினார்கள். பெஞ்சுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்து, சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டி ஓர் அட்டையை மாட்டினார்கள்: 'பார்வையாளர் வசதிக்காக அக்காலத்தில் பயன்பட்ட பெஞ்சு. தொடாதீர்கள்.'

"அடப்பாவிகளா! போன மாசம் வரைக்கும் என்மேல உட்கார்ந்தாங்களேடா!" என்று பெஞ்சு அலறியது. யார் காதிலும் விழவில்லை.

மறுவாரம் டீச்சர் வந்தார். குனிந்து அட்டையைப் படித்தார். வலி தாங்காமல் கயிற்றோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காவலாளி ஓடிவந்தார். "எழுந்திருங்கம்மா, பெஞ்சை மறைக்கிறீங்க."