மூன்றாவது பிளேடு

“லைட்டை அணைச்சாச்சு. பாத்துச் சொல்லும்மா,” என்றார் சூப்பர்வைசர் பரசுராமன்.

ஊதா விளக்கின் கீழே எட்டு பிளேடுகள். விமான எஞ்சினுக்குள் ஓயாமல் சுழன்றுவிட்டு, சர்வீசுக்காகத் திருவொற்றியூர் பட்டறைக்கு வந்தவை. எங்காவது விரிசல் இருந்தால், பூசிய சாயம் அதற்குள் இறங்கிப் பச்சையாக மின்னும். அதைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத்தான் இன்டர்வியூ. டிப்ளமோ முடித்ததிலிருந்து கார்குழலி ஏங்கிக் கிடந்த வேலை.

மூன்றாவது பிளேடின் அடியில் மயிரிழையாக ஒரு பச்சைக் கோடு.

“இதுல கிராக் கீது சார்.”

“அழுக்கா இருக்கும். தொடைச்சுட்டுப் பாரு.”

துடைத்துவிட்டு மறுபடி சாயம் பூசினாள். கோடு அதே இடத்தில் மின்னியது.

“அழுக்கு இல்ல சார். சுத்திச் சுத்தியே மெட்டலு அசந்துபோச்சு. இப்டியே மாட்டுனா, மேல பறக்கசொல்லோ பிச்சுக்கும்.”

“நல்ல கண்ணும்மா உனக்கு. வெளிய உக்காரு.”

கார்குழலிக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

பெஞ்சில் ஜெபின் காத்திருந்தான். கூடப் படித்த ராயபுரத்துப் பையன். பரீட்சை ஹாலில் இவளைப் பார்த்து எழுதியே பாஸானவன். எடுக்கப்போவது இரண்டு பேரை. அவனும் பிழைத்துப் போகட்டுமே என்று தோன்றியது. பழக்க தோஷம்!

“டேய், மூணாவது பிளேடு. அடியில பாரு. வுட்டுடாதே,” என்று காதைக் கடித்தாள்.

ஜெபின் போன வேகத்தில் திரும்பினான். கூடவே வந்த பரசுராமன் முகமெல்லாம் சிரிப்பு.

“தம்பி, நாளைக்கே வந்து சேந்துடு. நீ கெளம்பும்மா. ஒரு ஆளே போதும்னு மேல சொல்லிட்டாங்க.”

கேட்டைத் தாண்டியதும் கார்குழலி ஜெபினின் சட்டையைப் பிடித்தாள்.

“துரோகி! நான் சொன்னதையே நீ கண்டுபுடிச்ச மாரி சொல்லி, என் வேலையப் புடுங்கிக்கினியா?”

ஜெபின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இல்ல கொயலி. நீ வெளிய வந்தப்போ, பின்னாடி நின்ன அந்தாளு மூஞ்சி செத்துப்போய்க் கெடந்துச்சு. அதப் பாத்துட்டுதான் உள்ள போனேன். எட்டுமே நல்லா கீது சார்னு சொல்லிட்டேன்.”