குலவை விழாத பிரசங்கம்

போதகர் கலுவா பிரசங்கத்தை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே முன்வரிசையில் ஒரு பெரிய கொட்டாவி கேட்டது.

விட்டவர் பேராயர்.

மூப்பர் சியூமியா பதறிப்போனார். பதறாமல் இருப்பாரா பின்னே? தலைநகரத்துப் பெரிய ஆலயத்துக்கு நன்றாகப் பேசுகிற போதகர் ஒருவரைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, “எங்க ஆளு பேச்சை ஒரு தடவை வந்து கேளுங்க” என்று நச்சரித்து, பேராயரை இந்த ஏரிக்கரைக்கு வரவழைத்தவரே அவர்தான்.

எங்கள் பக்கத்தில் பிரசங்கம் பிடித்துவிட்டால் பெண்கள் குலவை போடுவார்கள். கலுவா பேசுகிற நாளில் அந்தச் சத்தத்துக்கு, ஏரியில் வலை இழுப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்குக் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நோவாவின் பேழை எத்தனை முழம் நீளம், எத்தனை முழம் அகலம் என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி டியாமிகேவுக்குச் சியூமியா கண்ணைக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு ஒரு குலவையை எடுத்துவிட்டாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

போதகர் கையை உயர்த்தினார். “அம்மா, கொஞ்சம் பொறுங்க. பேழையோட உயரத்தை நான் இன்னும் சொல்லவே இல்ல.”

பேராயர் இரண்டாவது கொட்டாவி விட்டார்.

ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பின்னால் போதகரை மடக்கினார் சியூமியா.

“மானத்தை வாங்கிட்டீங்களே, அய்யா! போன வாரம் சாவு வீட்டுல பேசினீங்க பாருங்க, செத்தவனே எழுந்து உட்கார்ந்து கேட்டிருப்பான். இன்னிக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?”

“மன்னிச்சிடுங்க மூப்பரே. சில நாள் அப்படித்தான், பேச்சே வர மாட்டேங்குது.”

“உங்களுக்காகத்தானே அலைஞ்சேன்! அங்க போனா கார் உண்டு, கரண்ட் உண்டு, பிள்ளைங்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் உண்டு. இங்க என்ன இருக்கு? கொசுவும் ஓட்டை சைக்கிளும்!”

“சைக்கிளைச் சொல்லாதீங்க. போன மாசம்தான் புது டயர் போட்டிருக்கேன்” என்று சிரித்தார் போதகர்.

அந்தச் சிரிப்பில் சியூமியாவுக்கு இன்னும் எரிந்தது. விருந்து பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ப் பொரிந்து தள்ளினார்.

“கத்தாதீங்க” என்றாள் டியாமிகே. “முன்னால வந்த போதகருங்க எல்லாம் முதல் மழைக்கே மூட்டையைக் கட்டினாங்க. காலரா வந்தப்ப நம்ம சொந்தக்காரங்களே பிணத்துக்கிட்ட வரப் பயந்தாங்களே, இவர்தானே குழி தோண்டி, ஜெபம் பண்ணி, அடக்கம் செஞ்சாரு? ஒரு நாள் சரியாப் பேசலேன்னா குடி முழுகிடுமா?”

“அதனாலதான்டி சொல்றேன்! அப்படிப்பட்ட மனுஷன் நம்மகிட்ட இருக்கார்னு நாடு பார்க்க வேண்டாமா?”



பேராயர் சோளக் களியையும் ஏரி மீனையும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். விருந்தாளியைப் பாதி வழியாவது கூடப் போய் விடுவது எங்கள் வழக்கம். மணலில் கார் வராது என்பதால் சாலையில் நிறுத்தியிருந்தார்கள். அதுவரைக்கும் சியூமியா கூடவே நடந்தார்.

“பேராயரய்யா, தப்பா நினைச்சுக்காதீங்க. போதகருக்கு இன்னிக்குச் சரியான ஜுரம்.”

“அப்படியா? மீனைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே!”

சியூமியா அசடு வழிந்தார். ஆனாலும் விடவில்லை.

“இன்னொரு தடவை வாங்கய்யா. சொல்லாமக் கொள்ளாம வாங்க. மாமரத்தடியில மறைஞ்சு நின்னு கேளுங்க. அவர் பேச்சைக் கேட்டா நீங்களே அழுதுடுவீங்க. சத்தியமாச் சொல்றேன்…”

பேராயர் நின்றார். யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“மூப்பரே, பெருமையெல்லாம் இருக்கட்டும். உங்க மனசுக்கு அவர் இங்க இருக்கணுமா, போகணுமா?”

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“போனா எங்க ஊருக்கே பெருமைங்கய்யா. ஆனா… அவர் போயிட்டா…”

 மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அவர் நல்லாப் பேசறதை என் காதால ஒரு தடவை கேட்டுட்டேன்னா, அப்புறம் கூட்டிக்கிட்டுப் போயே தீரணும்.”

சியூமியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பேழையும் முழக்கணக்கும் எதற்காக என்று புரிந்ததும் அவருக்கு நெஞ்சு விம்மியது. நாடு பார்க்காவிட்டால் என்ன, நாங்கள் பார்த்தோமே!

பேராயர் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கினார்.

“உங்க போதகர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. சின்ன வயசுல எனக்கும் இப்படி ஒரு கிராமம் இருந்துச்சு. விட்டுப் போக மனசு வராம, அப்ப இருந்த பேராயர் முன்னால நானும் இதே மாதிரிதான் உளறினேன். அவர் ஏமாறல, என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். நான் நல்லா ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க.”